ரோகிணி தலையில் என் சாக்ஸ்

ரோகிணி,

நீ தூங்குகிறாய், எழுப்பப் பயமாக இருக்கிறது. வெறுங்காலில் ஷூ மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். சுருள் விழட்டும் என்று ராத்திரி நீ கட்டிக்கொண்ட என் எட்டு சாக்ஸும் உன் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு கிடக்கின்றன. அதில் ஒன்று துவைக்காதது. எது என்று சொல்ல மாட்டேன்.

இட்லி சட்டியில் இருக்கிறது. சட்னியில் உப்பு போட்டேனா என்று நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது என் தப்புதான். பார்லரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நீ சுருட்டிய முடி, அலங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பழையபடி நேராகிவிட்டது. அது தெரியாமல் மச்சான் வீட்டில் அவர் முன்னாலேயே, "ஏன், பார்லர் பூட்டியிருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

நேற்று பார்லர் அக்காவிடமே போய்க் கேட்டேன். "அண்ணே, அம்புட்டு நீள முடி தன் கனத்துலயே நேராயிரும். நல்லாக் காஞ்ச பெறகுதான் சுருட்ட அவுக்கணும். எண்ணெய் கூடாது, சீப்பு படவே கூடாது" என்றார். அதனால் சீப்பை ஒளித்துவிட்டேன். தேடாதே.

சாயங்காலம் உன் தோழியின் கல்யாண வரவேற்புக்கு நான்கு மணிக்கு ஆட்டோவோடு வருகிறேன். பஸ் காற்று வேண்டாம். சுருள் நின்றாலும் நிற்காவிட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சோலை

பின்குறிப்பு: இதை ஃப்ரிட்ஜில் ஒட்டும்போது நீ தூக்கத்தில், "மாமா, பாத்துப் போங்க" என்றாய். சமாதானம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். விழித்த பிறகு பேச்சு மாறக் கூடாது.