கள்ளிக்குப்பத்து வாசலில் தொடங்கிய சங்கம்

புதுப் பலகையின் பெயிண்ட் வாசனை அறை முழுக்க ஏறிக்கிடக்கிறது. தலை வலிக்கிறது. ஆனாலும் சன்னலைத் திறக்க மனம் வரவில்லை. அம்பத்தூர் ஓ.டி. பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் நமக்கு ஓர் அறை கிடைத்துவிட்டதடா. சங்கம் பதிவாகிவிட்டது. அரவாணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லோருக்கும் ஒரே சங்கம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு நீ அன்றைக்குக் கத்தினாயே, அதேதான்.

காலையில் பெயிண்டர் கேட்டார்: "சார், அரவாணின்றத சின்னதா ஓரமா போட்ரவா? மெயின் ரோடு, நாலு பேரு பாப்பாங்க."

"அதுக்குத்தான் பெருசா போடச் சொல்றேன்."

"உங்களுக்கு இன்னா, நீங்க டாக்டரு. ஏணில நிக்கிறது நானு" என்று முணுமுணுத்தவர், முடித்தபோது அந்தச் சொல்லுக்கு மட்டும் சிவப்பில் நிழல் கொடுத்திருந்தார். நீ இருந்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்துச் சட்டையை நாசமாக்கியிருப்பாய். போன வருடம் திருமழிசையில் அந்த லாரி மட்டும் உன் மேல் ஏறாமல் இருந்திருந்தால், தலைவர் நாற்காலி உனக்குத்தான். நீ அதில் உட்காரமாட்டாய், நின்றுகொண்டேதான் பேசுவாய்.

திருமுல்லைவாயில் நர்சிங் ஹோமில் நாம் டியூட்டி டாக்டர்களாக இருந்தபோது வசந்தி என்ற அரவாணி வந்தாள். ஆணுறுப்பை அகற்றும் அறுவையை எந்த டாக்டரும் செய்ய முன்வராததால், தங்கள் வழக்கப்படி, அதைச் செய்யும் மூத்த அரவாணியான ஒரு தாயம்மாவிடம் செய்துகொண்டவள். காயத்தில் சீழ், உடம்பு அனல். பெரிய டாக்டருக்கு அதெல்லாம் கவலையில்லை. "ஆம்பள வார்டா, பொம்பள வார்டா?" என்பதுதான் அவர் கவலை. அதற்கு விடை கிடைக்கும்வரை அவளை மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். படித்தவர்கள் செய்யும் கொலையில் சத்தமே இருக்காது. நீ நம் டியூட்டி ரூம் கட்டிலில் இருந்த என் போர்வையை உதறி எறிந்துவிட்டு அவளைப் படுக்கவைத்தாய். "நீ தரையில படு மச்சான், ஒண்ணும் செத்துட மாட்ட" என்றாய்.

மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தில்தான் நீ தப்புச் செய்தாய். டம்ளர் நிறையச் சூடான பாலைக் கொண்டுவந்து, வேண்டாமென்று தலையாட்டியவளை அதட்டிக் குடிக்கவைத்தாய். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ரொட்டியும் பாலும்தானே கொடுத்துப் பழக்கம். அறுவைக்குப் பிறகு சடங்கு முடியும்வரை அவர்கள் பாலைத் தொடக்கூடாது, கண்ணாடி பார்க்கக்கூடாது என்பது நம் புத்தகம் எதிலும் இல்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். மாலையில், அவளை மகளாகத் தத்தெடுத்திருந்த மூத்த அரவாணி ஆட்டோவோடு வந்து கிளப்பிவிட்டார். அவளுக்கு அவர்தான் அம்மா. ஊசி நின்றால் வசந்தி பிழைக்கமாட்டாள் என்று நம் இருவருக்கும் தெரியும்.

நீ போய் ஆட்டோவுக்கு முன்னால் நின்றாய்.

"வயி உடு நைனா."

"ஊசி நின்னா செத்துடுவாம்மா."

"நீ பாலு ஊத்தாம இருந்தா நான் ஏன் இட்டுகினு போறேன்? வேணாம்னு தல ஆட்டுனாளா இல்லியா?"

"ஆட்டுனா. நான்தான் அதட்டுனேன். எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னா கேக்கணும். வாயி இன்னாத்துக்கு கீது, அதட்டறதுக்கா?"

"இனிமே கேக்குறேன். உங்க ஊட்டுக்கே வந்து ஊசி போடறேன். காலைலயும் சாயங்காலமும்."

அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தார். "கள்ளிக்குப்பம். வாசல்லயே நிக்கணும். நான் கூப்ட்டாதான் உள்ள வரணும். இல்லன்னா உன் ஊசிய நீயே குத்திக்கோ."

மறுநாள் காலை ஒரே சைக்கிளில் போய் இறங்கினோம். அம்மா வேண்டுமென்றே காக்கவைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னா டாக்டரு, பொண்ணு பாக்க வந்துகீறியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஆமாண்ணே, அவங்களுக்கு எங்களப் புடிக்கணுமே" என்றாய் நீ. எனக்கு முகம் எரிந்தது. நோயாளிகளைக் காக்கவைத்தே பழகியவர்கள் நாம். கடைசியில் உள்ளிருந்து குரல் வந்தது: "வா நைனா." எந்தப் பரீட்சை பாஸானபோதும் எனக்கு அப்படிச் சந்தோஷம் வந்ததில்லை.

வசந்தி பிழைத்தாள். அந்தச் செய்தி பரவி, அதே வீட்டுக்கு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு நர்ஸ், பூந்தமல்லியிலிருந்து ஒரு கம்பவுண்டர் நம்மோடு சேர்ந்தார்கள். தெரியாததை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம். சங்கம் என்ற சொல்லை நீதான் முதலில் சொன்னாய். "அம்மாவும் கமிட்டில இருக்கணும். இல்லன்னா இது வெறும் டாக்டருங்க கிளப்பு" என்று நீ போட்ட சண்டையில் சிலர் எழுந்துபோனார்கள். போகட்டும். இன்றைய கூட்டத்தில் அம்மாதான் துணைத்தலைவர். வேலூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து, நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும், படுக்கையைச் சுற்றிய திரைக்கு வெளியே நின்று "வரலாமா?" என்று கேட்கிறேன். "கேஸ் ஷீட்டே உன் கையில கீது, அப்புறம் இன்னாடா பர்மிஷன்" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். சில நேரம் உடனே பதில் வராது. சேலையைச் சரிசெய்யும் சத்தம் கேட்கும், ஓர் இருமல் கேட்கும். நான் நிற்கிறேன். உள்ளே இருக்கிறவள் முடிவு செய்கிறாள்.