இருபத்துநான்காவது சோகி

ஆனி 9, திங்கள்

விடியவே கச்சான் காற்று. கொடியில் காய்ந்த சேலை முழுக்க மண். பேக்கரியில் பாண் கியூவில் முக்கால் மணித்தியாலம்.

6 ஏ கணக்குப் பாடம் றஞ்சி ரீச்சருக்குப் போய் இரண்டு கிழமை. ஓர்ஸ் ஹில்லிலிருந்து குடையோடு வருகிறாள், பெரிய எடுப்பு. சாம்பல்தீவுக் கடற்கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பி 24, பால்மா ரின்னுக்குள். அதுதான் பாடமாம். தட்டிக்கு இந்தப் பக்கம் என் 6 பி வாய்ப்பாடு சொல்ல, அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

என் மகள் சுபாவும் அங்கேதான். பின்னம் என்றால் மூன்று வருடம் என்னிடம் அழுதவள். இன்று குசினி நிலத்தில் புளியங்கொட்டை பரப்பி,

"அம்மா, 24 சோகி. அரைவாசி அக்காவுக்கு, மூண்டிலொண்டு தம்பிக்கு, எட்டிலொண்டு எனக்கு. பன்னிரண்டு, எட்டு, மூண்டு. ஒண்டு மிஞ்சுது! அது ஆற்றை பங்கு?"

"எழும்பிச் சாப்பிடு."

வயிறு எரிந்தது.

ஆனி 11, புதன்

நாளை இன்ஸ்பெக்டர். பார்க்கப்போவது 6 ஏ மட்டும். பதினாலு வருடம் படிப்பிக்கிறேன், என் வகுப்பை எட்டிப் பார்த்தவர் இல்லை.

வாங்க: மண்ணெண்ணெய், சுபாவுக்கு ரிபன்.

இடைவேளையில் றஞ்சி தேத்தண்ணீர் குடிக்கப் போனாள். ரின்னிலிருந்து ஒரு சோகியை எடுத்து என் மூக்குக்கண்ணாடிப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். 24க்கு 2, 3, 8 எல்லாம் காரணி. 23க்கு ஒன்றும் இல்லை. அரைவாசியே வராது. பார்ப்போம் அவளுடைய கெட்டித்தனத்தை.

ஆனி 12, வியாழன்

காற்று அடங்கவில்லை. துறைமுகத்தில் ஏதோ கப்பல், காலையிலிருந்து ஊதல்.

தட்டி ஓட்டையால் பார்த்தேன். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் பிள்ளைகள் எண்ணினார்கள். 23. திரும்ப எண்ணினார்கள். றஞ்சியின் முகம் வெளிறியது. இரண்டு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோசம்!

பிறகு சுபா என் மேசைக்கு ஓடி வந்தாள். "அம்மா, ஒரு சோக்குத் துண்டு இரவல் தாங்கோ." யோசிக்காமல் கொடுத்தேன்.

சோக்கையும் சேர்த்து 24. பங்கு போட்டாள். 12, 8, 3. எல்லாருக்கும் சோகி, சோக்கு மட்டும் மிச்சம். கொண்டுவந்து என் கையிலேயே திருப்பித் தந்தாள். இன்ஸ்பெக்டர் கை தட்டினார். றஞ்சி அவளைக் கட்டிப் பிடித்தாள். நான் பெற்ற பிள்ளையை.

மத்தியானம் சோறும் சூடைமீன் குழம்பும்.

"ஆரோ ஒரு சோகியை எடுத்திட்டினம் அம்மா. பாவங்கள்."

"எடுத்த ஆக்கள் ஏன் பாவம்?"

"அது மிஞ்சிற சோகிதானே. ஒருத்தற்றை பங்கிலையும் இல்லை. எடுத்தும் ஒருத்தருக்கும் குறையேல்லை."

கண்ணாடிப்பெட்டியைத் திறக்க ஏலவில்லை. இதைக் கண்ணாடி போடாமல்தான் எழுதுகிறேன்.