நூறில் ஒரு நொடி

இன்று காலை உள்ளரங்கின் கதவைத் தள்ளியதும் வலித் தைலத்தின் வாசம் முகத்தில் அடித்தது. கராத்தேப் பிள்ளைகள் காலிலும் தோளிலும் அதைத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் கண் அவர்களிடம் போகவில்லை; நேரே கூரை விளக்குகளுக்குப் போனது. நீ போன பிறகு இந்த அரங்குக்குள் நான் கெமராவோடு வருவது இதுதான் முதல் தடவை, தோழி.

அன்றும் இதே வாசம்தான். மாத்தளையில் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் மட்டும் படமெடுத்துப் பழகிய நாம் இருவரும் முதன்முதலாக ஒரு போட்டிக்கு வந்திருந்தோம். மணப்பெண்ணை இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லலாம். உதைத்த காலை இன்னொரு தடவை உதைக்கச் சொல்ல முடியுமா? அந்தப் பயம் எனக்கு.

உன் பயம் வேறு. உன் பக்கத்து வீட்டுத் துர்கா அன்று ஆட இருந்தாள். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவர். முந்தைய போட்டியைத் துர்காவின் மாமா ஃபோனில் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். அதில் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடி, பிள்ளை வெறும் நிழலாகத் தெரிந்திருக்கிறாள். "அடி வாங்குறது மட்டுந்தான் தெரியுது. இந்தத் தடவையோட நிப்பாட்டச் சொல்லுங்க" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். துர்கா உன்னிடம்தான் வந்தாள். "அம்மா ஒரு தடவ ஒழுங்கா பாத்தா போதும் அக்கா."

முதல் சுற்றில் எடுத்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்று பளிச்சென்று இருந்தது. அடுத்தது இருண்டு கிடந்தது. இன்னொன்றில் நெற்றி மஞ்சள், கழுத்துக்குக் கீழே கறுப்பு. அசைவை நிறுத்துவதற்காக ஷட்டர் ஒரு நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு நேரமே திறக்கும்படி வைத்திருந்தேன்.

"கெமரா பழுதாயிட்டாடி?"

"கெமராவுக்கு ஒன்னுமில்ல. லைட்டுதான் துடிக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியல, அதுக்குத் தெரியுது."

அடுத்த சுற்றுக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நீயோ வெற்றுச் சுவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கினாய். நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீ திரும்பவே இல்லை. நூறில் ஒரு நொடிக்கு வந்தபோது சுவர் எல்லாப் படத்திலும் ஒரே நிறமாக விழுந்தது. நம் கரண்டில் அந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகின்றன. ஒரு முழுத் துடிப்பு முடியும்வரை ஷட்டர் திறந்திருந்தால் எல்லாப் படத்துக்கும் சம அளவு வெளிச்சம்.

"அவ்வளவு மெதுவா வச்சா கால் கலங்கிப் போயிருமே?"

"போகும்போது எடுக்காத. மேல போன கால் திரும்புறதுக்கு முன்னுக்கு ஒருக்கா நிக்கும். அப்ப எடு."

துர்கா இறுதிப் போட்டிவரை வந்துவிட்டாள். நான் பிஸ்மி சொன்னேன், நீ மாரியம்மா என்றாய். அவள் புள்ளிகளில் பின்தங்கிக்கொண்டே போனாள். எனக்கு வந்ததெல்லாம் கலங்கிய கால்கள். முடிய ஒரு சில நொடிகள் இருக்கையில் அவள் இடது காலை உயர்த்தி வீசினாள். உன் கெமரா ஒரே ஒரு தடவை சத்தம் போட்டது.

அவள் தோற்றுப்போனாள். ஆனால் உன் படத்தில் அவளுடைய பாதம் எதிராளியின் காதருகே அசையாமல் நின்றது. பட்டையும் இல்லை, நிழலும் இல்லை. கண் இரண்டும் அத்தனை தெளிவு. அன்று பின்னேரம் குவைத்திலிருந்து குரல் பதிவு வந்தது. இருவரும் தலையை ஒட்டிவைத்துக் கேட்டோம். "எம் புள்ள மூஞ்சியில பயமே இல்லயே. எனக்குத்தான் பயம். சரி, அவ ஆடட்டும்."

அடுத்த மழைக்கு உனக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "மேல பாரு, இங்க எடுத்தாலும் பட்ட விழும்" என்று சிரித்தாய். நான் கோபப்பட்டேன், பேசாமல் படுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. மறுநாள் உன் தம்பிதான் அழைத்துச் சொன்னான்.

இப்போது என்னிடம் இருக்கும் கெமரா துடிப்பை அதுவாகவே கண்டுகொள்கிறது. விளக்கு நன்றாக எரியும் கணம் பார்த்துத் திறக்கிறது. இருந்தும் நான் அதை நம்பவில்லை. மத்தியானம் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது, விளக்கின் துடிப்பும் மாறியிருக்கும், எல்லாம் கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். இறுதிப் போட்டியில் நின்றது துர்காதான். இப்போது பெரியவர்கள் பிரிவில் ஆடுகிறாள். அவள் அம்மா ஊருக்கு வந்து முன்வரிசையில், முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

துர்கா உதைத்தாள். நடுவரின் கொடி உயர்ந்தது. நான் அழுத்தியதெல்லாம் சீராகவே வந்திருந்தது.

அதைப் பார்த்த உடனேயே என்ன செய்தேன் தெரியுமா? கெமராத் திரையை இடப்பக்கமாகத் திருப்பி நீட்டினேன். நீ எப்போதும் நிற்கிற பக்கம். அங்கே முன்பின் தெரியாத சிங்களப் பெண் ஒருவர் நின்றிருந்தார். தனக்குத்தான் காட்டுகிறேன் என்று நினைத்து, குனிந்து பார்த்தார்.

"லஸ்ஸனய்" என்றார். அழகாயிருக்கிறதாம்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.