உங்கள் ஆமையைக் கண்மாயில் விடவில்லை, மதினி

எட்டாம் வகுப்பின் பின்சுவர் ஓரத்துக் கூண்டுகளையும் ஆமைத் தொட்டியையும் என் பொறுப்பில் விட்டுப்போன மதினிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணன் மில்லுக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். சனி, ஞாயிறில் உங்கள் கினி பிக் எலிகளின் கூண்டு நம் வீட்டுக்கு வந்துவிடும். அண்ணன் பை நிறைய அருகம்புல் பறித்து வந்து, “இந்தா, உன் மதினி பிள்ளைகளுக்கு” என்று நீட்டுவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே அவை இரண்டும் விசில் அடிக்கின்றன.

நீங்கள் இருந்தவரை நான் அந்தப் பக்கமே வந்ததில்லை. கணக்கு டீச்சருக்கு எலியோடு என்ன வேலை? ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் டீச்சர்கள், அடுத்தடுத்த வீடு. நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னதை எல்லாம் அரைக்காதில்தான் வாங்கினேன். கினி பிக்குக்கு நம்மைப் போலவே வைட்டமின் சி உடம்பில் தானாக ஊறாது, கொய்யாத் துண்டு கொடுக்க வேண்டும் என்பீர்கள். சிவப்புக் காது ஆமை முப்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும்போது ஆசையாக வாங்கியவர்கள், அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் உங்களிடம் தள்ளிவிட்டார்கள் என்று வருத்தப்படுவீர்கள்.

காதில் வாங்காத மறுபாதியால் ஓர் உயிர் போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கண்மூடிய புதிதில் உங்கள் ஹாம்ஸ்டர் எலி கூண்டில் ஒற்றையாகக் கிடந்தது. அண்ணனும் ஒற்றை ஆளாக இட்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு ஹாம்ஸ்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துணை கிடைத்ததே என்று இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் உங்களுடையது கடிபட்டுச் செத்துக் கிடந்தது. மரத்தூளெல்லாம் ரத்தம்.

கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். “அது தனியா வாழுற இனம் டீச்சர். வளந்த பொறவு இன்னொண்ணைப் பக்கத்துல விட்டா சண்டைதான். தனிமை அதுக்குக் கஷ்டமே இல்ல, நமக்குத்தான்” என்றார். நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்களா? இல்லை, ஒன்றும் பேசாமல் கூண்டைக் கழுவியிருப்பீர்களா?

அன்றிலிருந்து ஒவ்வோர் உயிரைப் பற்றியும் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அந்தப் படிப்பு போன மாதம் கைகொடுத்தது.

ஒரு மாணவிக்கு வயிற்றுப்போக்கு வந்து, பழி ஆமைத் தொட்டிமேல் விழுந்தது. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை, கூண்டுகளைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நம் பி.டி. சார் வாளியோடு தயாராக நின்றார்.

“ஆமையை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கண்மாய்ல விட்டுருதேன். தண்ணி நெறையாக் கெடக்கு. புண்ணியமாப் போகும்.”

“விடக்கூடாது சார்” என்று எழுந்தேன்.

“பாவம் டீச்சர், எம்புட்டு நாளைக்குத்தான் தொட்டிக்குள்ளயே கெடக்கும்?”

“பாவம்னு நெனச்சுத்தான் சார் நான் ஒண்ணைக் கொன்னேன்.”

ஹாம்ஸ்டர் கதையை ஒளிக்காமல் சொன்னேன். பிறகு ஆமைக்கு வந்தேன். “இது நம்ம ஊரு ஆமை இல்ல, அமெரிக்கா ஆமை. மீன் குஞ்சு, தவளைக் குஞ்சு, தண்ணிச்செடி எல்லாத்தையும் திங்கும். வெயில் காயுத எடத்துல நம்ம ஆமையை அண்ட விடாது. பெருகிருச்சுன்னா யாராலயும் பிடிக்க முடியாது.”

அந்த மாணவியின் அம்மா விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணித் தயாரிப்பில் வேலை பார்ப்பவர். சுத்தம் என்றால் என்னவென்று தெரிந்தவர். “அது இருக்கட்டும் டீச்சர். எம்புள்ளைக்கு வந்துச்சே, அதுக்கு என்ன சொல்லுதீக?”

“இதாலதான் வந்துச்சான்னு தெரியாதும்மா. வந்துருக்கலாம். ஆமை நல்லாத் திடமா இருக்கும்போதே அது மேல கிருமி இருக்கும். தொட்டா சோப்புப் போட்டுக் கைகழுவணும். நான் பக்கத்துல நின்னு பாக்கல. அது என் தப்பு.”

தலைமையாசிரியை என்னையே பார்த்தார். “இனிமே இதையெல்லாம் யாரு பாத்துக்கிடுவா?”

“நான் பாக்கேன்” என்றேன்.

இப்போது தொட்டி, பிள்ளைகள் சாப்பிடும் அறையில் இல்லை. குழாயடிப் பக்கத்து வராந்தாவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆமையைப் பார்க்க மட்டும்தான் அனுமதி; கினி பிக்கைத் தொட்டால் சோப்பு. ஆமைக்குத் தண்ணீர் மாற்றுவது நான். சுமந்து தருவது பி.டி. சார், அதே வாளியில். அந்த அம்மா முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் வந்து, குழாயடியில் செத்த நேரம் நின்று பார்த்தார். “பரவால்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும். புது ஹாம்ஸ்டர் தனிக்கூண்டில் கொழுகொழுவென்று இருக்கிறது. அதைப் பார்த்து இப்போது நான் பரிதாபப்படுவதில்லை.

கணக்கு டீச்சர் அல்லவா, போட்டுப் பார்த்துவிட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் ஆமை இருக்கும். அன்றைக்கு அதைத் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். எனக்குப் பின்னால் அதை யார் பார்ப்பது என்று ஓர் ஆளைச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் நான் உங்களிடம் வருவேன். இது சத்தியம்.

முழுக்காதையும் கொடுத்துக் கேட்கப் பழகிவிட்ட,
உங்கள் நாத்தனார்