பெல்லட் அறைக் கதவு

செப்டம்பர் 2

புது பாய்லர் இன்று ஓடத் தொடங்கியது. டீசல் நாற்றம் ஒழிந்தது. இனி எங்கள் சலவைக்கூடத்தில் தண்ணீர் கொதிப்பதும் துணி காய்வதும் பெல்லட்டில்தான். மரத்தூளை அழுத்திப் பிழிந்து செய்த குச்சிகள், சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. பாய்லருக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை கட்டி, அதில் கொட்டி வைத்திருக்கிறோம். அடியில் ஒரு திருகுத்தண்டு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புக்குத் தள்ளுகிறது. "விறகடுப்பு வேண்டாம்னுதான் இங்க வந்தேன், மறுபடியும் விறகா?" என்றார் அத்தை. என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. லோடு கொண்டுவந்த லாரிக்காரர் போகும்போது சொன்னார்: "புது லோடுல இருந்து ஒரு வாயு வரும்மா. வாசனையே இருக்காது. கதவைத் திறந்துபோட்டு நல்லா காத்தாட விட்டுட்டுத்தான் உள்ள போகணும். யாராவது விழுந்துட்டா பின்னாடியே ஓடாதீங்க. ரெண்டாவதா போறவங்களும் சேர்ந்து போயிடறாங்க."

இதைப் போய் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்! நான் இனி எப்படித் தூங்குவேன்?

செப்டம்பர் 19

திருகுத்தண்டு சும்மா சுற்றுகிறது, பெல்லட் இறங்கவில்லை. குச்சிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மேலே வளைவு மாதிரி நின்றுவிடுமாம். கொழுந்தன் கம்பியை எடுத்தான், மூச்சைப் பிடித்தான், உள்ளே போனான், நாலு இடி இடித்தான், வெளியே வந்தான். "முத்துக்குளிக்கிறவன் மாதிரி, அண்ணி" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான். "முத்து எங்கடா?" என்றார் அவர்.

கதவைக் காற்றாட விடவே இல்லை. கேட்டால், "அவ்வளவு நேரம் மெஷினை நிறுத்தினா ஆஸ்பத்திரித் துணி யார் தருவா?"

செப்டம்பர் 27

நானே போய் வாயு அலாரம் வாங்கி மாட்டினேன். பயந்தாங்கொள்ளி என்று பேர் வந்தால் வரட்டும்.

அக்டோபர் 4

அலாரம் வாயைத் திறக்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே பேட்டரி இல்லை! கொழுந்தன் வேலைதான். "கதவைத் திறந்தாலே கத்துது அண்ணி. அம்மா ஒருத்தங்க போதாதா?" என்கிறான். பேட்டரி டிவி ரிமோட்டில் இருக்கிறது.

கத்தினால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை நான்தான் சொல்ல வேண்டுமா இந்த வீட்டில்?

புது பேட்டரி போட்டேன். எத்தனை நாளைக்கோ.

அக்டோபர் 8

கொழுந்தனுக்குத் தலைவலி. தூக்கம் போதவில்லையாம். தூக்கமா, அந்த அறையா?

அக்டோபர் 15

புது லோடு வந்தது. அறை கூரை வரைக்கும் நிறைந்துவிட்டது. வேறு லாரி, வேறு ஆள், வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அக்டோபர் 22

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

கொழுந்தன் போய்விட்டான்.

மறுபடியும் அடைத்துக்கொண்டது. முன்பக்கத்தில் நான் துணிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். கம்பி விழுந்த சத்தம். ஓடினேன். திறந்த கதவு வழியாக அவன் கால் மட்டும் தெரிந்தது. அலாரம் கத்தவில்லை. மறுபடியும் பேட்டரியைக் கழற்றியிருக்கிறான், பாவி. என் செல்லப் பாவி.

அவர் பாய்ந்து வந்தார். நான் குறுக்கே விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன். "விடு, தம்பிடி, என் தம்பி" — அடித்தார், முடியைப் பிடித்து இழுத்தார். விடவில்லை. அத்தை என் விரல்களைப் பிரித்தார். "விடுடி அவனை! பெத்தவ சொல்றேன், விடு!" கடித்தும் பார்த்தார். எதிர்க்கடை டயர்காரர் தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டு ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்தார். முகமூடி போட்டவர்கள் வந்து அவனைத் தூக்கும்வரை அப்படியே கிடந்தேன்.

அவ்வளவு நேரமும் அந்தக் கால் என் கண் முன்னால்தான் இருந்தது. அசைந்ததா? ஒரு தடவை அசைந்ததோ?

அக்டோபர் 29

தீயணைப்பு அதிகாரி வந்திருந்தார். "உங்க வீட்டம்மா பிடிக்கலேன்னா ரெண்டு பேரைத் தூக்கியிருப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை சுவரைப் பார்த்தபடி, "கல்நெஞ்சுக்காரி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

நவம்பர் 6

அவர் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். அவ்வளவுதான்.

ஒன்றை எனக்கு நானே கேட்டுக்கொண்டே இருக்கிறேன். லாரிக்காரர் சொன்னது நினைவு வந்தா பிடித்தேன்? இல்லவே இல்லை. ஒன்றுமே நினைவில்லை. பயம். வெறும் பயம். என் புருஷன் எனக்கு வேண்டும் என்கிற பயம். எனக்குப் பிள்ளை மாதிரி இருந்தவன் அங்கே கிடந்தானே! அந்தக் காலை நான் ஏன் பிடித்து இழுக்கவில்லை? எட்டியிருக்குமா? எட்டாது. எட்டியிருக்குமோ?

நவம்பர் 13

அவர் பெல்லட் அறைக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறார். தினமும். கதவு பூட்டியிருக்கிறது, சாவி அவர் சட்டைப்பையில். சட்டையைத் துவைக்க எடுக்கும்போது சாவியை எடுத்துத் தூர எறிந்துவிடலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

நவம்பர் 24

சலவைக்கூடத்தை மறுபடியும் திறந்தாக வேண்டும். பெல்லட் கம்பெனி ஆட்கள் மதியம் வந்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, அறைக்குக் காற்றுக்குழாய் போடுவதாக ஏற்பாடு. அதற்குள் கதவைத் திறந்து, விசிறி வைத்துக் காற்றாட விடச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் அவர் கதவைத் திறந்தார். நான் விசிறியை ஓடவிட்டு, புது அலாரத்தை வாசலில் வைத்தேன். உடனே கத்த ஆரம்பித்தது. அவர் அதைக் காதிலேயே வாங்காத மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவன் விழுந்த இடத்தை ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றார். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. காலைத் தூக்கி வாசற்படியில் வைத்துவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். உதறினார். மறுபடியும் பிடித்தேன். பின்னால் அத்தையின் செருப்புச் சத்தம். இந்த முறை என் விரல்களில் பலம் இல்லை, பிரித்தால் பிரிந்துவிடும்.

அத்தை என் பக்கம் வரவில்லை. சுற்றிப் போய் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெட்டியா பிடிடி," என்றார் என்னிடம். "எனக்கு இவன் ஒருத்தன்தான் இருக்கான்."

அலாரம் அடங்கும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.