கண்ணாடி இல்லாத போட்டோ

மே 9, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில். குகட்பள்ளி பஸ்ஸில் கம்பியைத் தொட முடியவில்லை. கண் இன்றும் சிவப்பு. உள்ளே மணல் போட்ட மாதிரி உறுத்தல். லென்ஸ் வாங்கியதிலிருந்து இதே கதை.

எல்லாம் அம்மாவால். மாப்பிள்ளை வீட்டுக்குக் கண்ணாடி இல்லாத போட்டோவை அனுப்பிவிட்டாள். என் பவர் மைனஸ் ஆறு. ஞாயிற்றுக்கிழமை இதே ஊர் லோத்குண்டாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் லென்ஸ் பழக வேண்டுமாம்.

எரியுதும்மா என்றேன் போனில். "புதுச்செருப்பு கடிக்கத்தான் செய்யும். கழத்தாம போட்டுட்டே இரு, பழகிரும்." செருப்பும் கண்ணும் ஒன்றா? அதையும் கேட்டு, தூங்கும்போதுகூடக் கழற்றாமல் இருக்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மே 10, புதன்

பால், சோப்பு, சொட்டு மருந்து வாங்க. கரண்ட் பில்.

ஆபீஸில் ஏசி நேராக என் முகத்தில். டீம் லீட் தள்ளி நின்றே கேட்கிறான்: "க்யா, ஆங்க் ஆயி க்யா?" மெட்ராஸ் ஐ என்று பயம். லென்ஸ் என்றேன். நம்பவில்லை. கீபோர்டைத் துடைக்கச் சொன்னான். வீட்டு ஓனர் ஆன்ட்டி ஒரு படி மேல். "கள்ளகலகாம்மா?" என்று அதையே தெலுங்கில் கேட்டுவிட்டு, கொடியில் என் துணிக்குப் பக்கத்தில் கிடந்த தன் துண்டை உருவிக்கொண்டு போய்விட்டார். எரிச்சல் கண்ணில் மட்டும் இல்லை.

மே 12, வெள்ளி

வெளிச்சம் பார்க்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டுகிறது. லீவு. ரூம்மேட் ஜெசி கொண்டாப்பூர் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கருவிழியில் கீறல். புண்ணானால் பார்வையே மங்கிவிடுமாம். தூங்கும்போதும் ஏன் கழற்றவில்லை என்றார் டாக்டரம்மா. பழகட்டும் என்று, என்றேன். என்ன வேலை பார்க்கிறாய் என்றார். சாஃப்ட்வேர் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மானம் போயிற்று. ஆறும்வரை லென்ஸைத் தொடக்கூடாது.

அம்மாவிடம் சொன்னேன். "ஒரு மணி நேரந்தானட்டி. மாட்டிக்கிட்டு, அவிய போனதும் கழத்திப் போடு."

கண் போனால்? கேட்டிருக்க வேண்டும். கத்திவிடுவேன் என்று கட் பண்ணினேன்.

மே 13, சனி

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்தாச்சு. பை நிறைய முறுக்கு. கண்ணைப் பார்த்ததும் அம்மா முகம் வாடியது, பாவம். அதுவும் கொஞ்ச நேரம்தான். "மை போட்டா தெரியாது." அப்பா பேப்பர் படிக்கிறார், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அவரை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

மே 14, ஞாயிறு

கண்ணாடியோடுதான் போய் நின்றேன். கையில் கேசரித் தட்டு. அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

பையன் பெயர் கார்த்திக். சுமாராக இருப்பான் என்று நினைத்தேன். நன்றாகவே இருந்தான். அதுவும் கோபமாக வந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் அம்மா கேட்டார்: "கண்ணாடி ரோஜ், டெய்லி போடணுமா?"

அம்மா முந்திக்கொண்டாள். "படிக்கதுக்கு மட்டுந்தான்."

"இல்ல ஆன்ட்டி, எப்பவும். மைனஸ் ஆறு. கழட்டுனா நீங்க யாருன்னே தெரியாது."

பையன் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை. "ஹவ்" என்றார், 'ஓஹோ, சரி' என்கிற மாதிரி, அவ்வளவுதான்.

போனதும் அம்மா அழுதாள். "எம்மூஞ்சில கரியப் பூசிட்டியே." நானும் அழுதேன். மருந்து விட்ட கண், காந்தியது.

மே 16, செவ்வாய்

கண் பரவாயில்லை. ஓரத்தில் மட்டும் சிவப்பு.

லோத்குண்டாவிலிருந்து போன். சம்மதமாம். ஒன்றே ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் லேசர் ஆபரேஷன் பண்ணிவிட வேண்டும். அப்பா "தாராளமா" என்று சொல்லியே விட்டார். கண் என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா ஓனர் ஆன்ட்டிக்கு இனிப்பு கொடுக்கப் போயிருக்கிறாள்.

பையனுக்கு நானே போன் போட்டேன். நம்பர் ஞாயிறன்றே கொடுத்திருந்தான். லேசர் உங்களுக்கு வேணுமா என்று கேட்டேன்.

"எனக்கு என்னங்க, மம்மிதான் சொல்றாங்க. சின்ன விஷயம், கைக்கு லஃப்டா, இதுக்குப் போய் எதுக்குத் தகராறு? பண்ணிக்கோங்களேன்."

"வலிக்காதா?"

போனைக் கையால் பொத்துகிற சத்தம். அப்புறம் தூரத்தில் அவன் குரல்.

"மம்மி, வலிக்குமான்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

வைத்துவிட்டேன். அம்மா படியேறி வருவதற்குள் அப்பாவிடம் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.