பச்சைத் திரையும் என் கையெழுத்தும்

நீர்வேலி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் கஜானன் அவர்களுக்கு,

உங்கள் மகள் கோபிகாவும் நானும் சுகமாக இருக்கிறோம். மெல்பேர்ணில் குளிர் குறைந்துவிட்டதா? தொலைபேசியில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

"மென்பொருள் சரியெண்டு சொன்ன பிறகும் நீ ஏன் கையெழுத்து வைக்கேல்லை?" என்று கேட்டீர்கள். நடந்தது இதுதான்.

இங்கே முன்பள்ளிக்குப் பக்கத்தில் உயரமான தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டப்போகிறார்கள். அதை எங்கள் அலுவலகத்தின் புதிய மென்பொருளே வரைந்தது. நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தூண், கம்பி, அத்திவாரம் எல்லாம் தயார். திரையிலேயே தானே புயலடித்துப் பார்த்தது. தானே நிலத்தைக் குலுக்கிப் பார்த்தது. பிழையில்லை என்று திரை முழுக்கப் பச்சை. உண்மையைச் சொன்னால் நான் அசந்துபோனேன். பொறியியலாளராக நான் மாதக்கணக்கில் இருந்து செய்கிற வேலை அது.

ஆனால் அந்த இடத்து நிலத்தை யாரும் துளைத்துப் பார்க்கவில்லை. வேறு ஊர்களின் விவரத்தை வைத்து மென்பொருளே ஊகித்து நிரப்பியிருந்தது. எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் எங்கே பொந்து விழுந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? துளைத்துப் பார்க்காமல் வரைபடத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன்.

பணிப்பாளர் இராசநாயகம் கத்தினார். "அது பச்சை காட்டுது. நீர் என்ன சிவப்புக் காட்டுறீர்?"

"தாங்கி விழுந்தால் மென்பொருளையோ சேர் கோர்ட்டுக் கூண்டிலை ஏத்துவினம்?" என்று கேட்டேன்.

அவர் வரைபடங்களை எனக்குக் கீழே வேலை செய்யும் தனுஷாவிடம் நீட்டினார். "அக்கா வைக்காட்டில் நானும் வைக்கமாட்டன்" என்றாள்.

இருவரும் கையெழுத்து வைக்காததால் கடைசியில் துளைத்தார்கள். நான் பயந்தது போல ஒன்றும் இல்லை. நான்கு மூலையிலும் நல்ல பாறை. மென்பொருள் சொன்னதுதான் சரி. அலுவலகமே சிரித்தது. அடுத்த வேலையிலிருந்து என்னை எடுத்தும் விட்டார்கள்.

சிரிக்கட்டும். அங்கே பாறை இருப்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது, மென்பொருளுக்கும் தெரியாது. தெரிந்த பிறகு, துளைத்த இடத்திலேயே நின்று கையெழுத்து வைத்தேன். நாளைக்கு இன்னொரு தாங்கி வந்தாலும் துளைக்கச் சொல்லித்தான் கேட்பேன்.

"இன்னும் அஞ்சு வருஷத்திலை உன்ரை வேலையே இராது, இஞ்சை வா" என்கிறீர்கள். வரமாட்டேன். வரைகிற வேலை போனால் போகட்டும், எனக்கு அதில் கவலையில்லை. ஆனால் பிள்ளைகள் கீழே விளையாடுகிற இடத்தில், இதற்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஒரு மனிசர் வேண்டும்.

நீங்களும் அங்கே இப்படியான மென்பொருளைத்தானே எழுதுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். பச்சை, சிவப்போடு இன்னொரு நிறமும் வையுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று அது சொல்லட்டும்.

நீங்களும்தான். எப்போது வருவீர்கள் என்று கோபிகா கேட்டால், "இதோ, கெதியா வாறன்" என்று சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அவள் தாங்குவாள். நானும் தாங்குவேன்.

நல்லூரான் உங்களை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள்,
உதயகலா